நூறாவது இதழுக்கு ஒரு வசனம்

காமிக்ஸ் படிக்கிற யாருக்கும் கதாநாயகன் பேசியது நினைவில் இருப்பதில்லை, மேடம். வேண்டுமானால் வெளியே நிற்கிற காவலரைக் கேட்டுப் பாருங்கள். பிரபஞ்சத்தையே காப்பாற்றியிருப்பான், ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததில் ஒரு வரி தேறாது. வில்லன் சொன்னதைத்தான் ஜனங்கள் பஸ் சீட்டின் முதுகில் கிறுக்கி வைப்பார்கள்.

அந்த வில்லன் வசனத்தை எட்டு வருஷமாக எழுதுகிறவன் நான். எங்கள் மாத இதழின் வில்லன், ஒவ்வொரு சூரியனாக அணைத்துக்கொண்டே போகிறவன். ஓவியர் முதலில் படத்தை வரைந்து, பேச்சுக்கு இடம் விட்டு அனுப்புவார். மற்றவர்களுக்கு வெள்ளை பலூன், அவனுக்கு மட்டும் கறுப்பு. அதற்குள் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் அடங்காது.

ஆரம்பத்தில் நானே யோசித்துத்தான் எழுதினேன். "அற்ப மானிடர்களே, உங்கள் முடிவு நெருங்கிவிட்டது" என்கிற ரகம். ஆசிரியர் தாளை என் பக்கம் தள்ளி, "என்னய்யா இது, பள்ளிக்கூட நாடகத்துல ஒட்டுமீசை வச்சவன் பேசற மாதிரி இருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் தைத்துக்கொண்டிருந்தாள். யாரோ பாழாக்கிய கோட்டுக்கு முதலாளி இவள் மேல் பழியைப் போட்டு ஒருநாள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து கை கழுவினாள். துண்டில் துடைத்துக்கொண்டே, "அவரு என்னைத் துரத்தலடா. நான் இல்லாத இடத்துல இருக்கற தண்டனையை அவருக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய் எழுதிக்கொண்டேன். அந்த மாதம் ஒரு கிரகமே திரண்டு வில்லனை விரட்டுகிற கட்டம். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. வாசகர்கள் அந்த வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு அலுவலக வாசலுக்கே வந்தார்கள். ஆசிரியர் என் தோளில் கை போட்டார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதுகூட இல்லை.

அடுத்த ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. அக்கா வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைத்தாள், ரேடியோ கேட்டாள், என்னைக் கிண்டல் செய்தாள். "உன் வில்லன் எப்பப் பாரு சூரியனை அணைக்கறானே, கரண்ட் பில் அவன் பேர்ல வருதா?" என்பாள். சந்தோஷமாக இருப்பவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்போதுதான் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நல்ல மனிதர். ஞாயிறுதோறும் வருவார், அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. புதுச் செருப்பு வாங்கினாள். அவர் வேலை பார்க்கிற கட்டடத்துக்குப் போய், அக்காவுக்கு இதில் விருப்பமில்லை, நேரில் சொல்லக் கூச்சப்படுகிறாள், இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "அவங்க நல்லா இருந்தாப் போதும் சார்" என்றார். அது வில்லனுக்கு ஆகாது, எழுதிக்கொள்ளவில்லை.

நாலு ஞாயிறு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது ஞாயிறு எழுந்து கதவைச் சாத்தினாள். "காத்திருக்கறது எனக்குப் பழக்கம்டா. வராம இருக்கறதுக்குத்தான் அவரு கஷ்டப்படணும்." எழுபத்தெட்டாவது இதழ், மூன்று முறை மறுபதிப்பு. அதற்கப்புறம் அவளுடைய பூனை காணாமல் போனது. அதில் கிடைத்தது சுமாரான வரி.

நூறாவது இதழ்தான் என் கழுத்தைப் பிடித்தது. கடைசிச் சூரியனையும் அணைத்துவிட்டு, தான் உண்டாக்கிய இருட்டில் வில்லன் தனியாக நிற்கிறான். முழுப் பக்கமும் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு வசனம். "பேர் சொல்ற மாதிரி இருக்கணும்யா. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று ஆசிரியர் ஒரு வருஷம் முன்பே சொல்லிவிட்டார். நாற்பது வரி எழுதிக் கொடுத்தேன். நாற்பதையும் அடித்தார். இருட்டில் நிற்காதவன் இருட்டைப் பற்றி என்னத்தை எழுதுவது?

அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் உண்டு. காலையும் மாலையும் ஒரு சொட்டு மருந்து, நிறுத்தினால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்று கண் டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். மருந்து வாங்குவதும் நான், கண்ணில் விடுவதும் நான். ஒன்பது மாதமாக அந்தக் குப்பியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், மேடம். அவள் கண்ணில் கிருமி போய்விடக் கூடாது அல்லவா. டாக்டரிடம் போகிற தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். மருந்துக் கடைக்காரர், இப்போதெல்லாம் வாங்க வருவதில்லையே என்று கேட்டார், வேறு கடையில் வாங்குகிறேன் என்றேன். அவர்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும்.

முதலில் பார்வையின் ஓரங்கள் போயின. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். கோத்துக் கொடுத்துவிட்டு, ஏதாவது சொல்வாள் என்று நோட்டோடு நிற்பேன். "வயசாச்சுடா" என்பாள். யாருக்கு வேண்டும் அது? பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

போன செவ்வாய்க்கிழமை காலையில் திரைச்சீலையை விலக்கச் சொன்னாள். வெயில் ஏற்கெனவே அவள் மடியில்தான் கிடந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, பேனா மூடியைச் சத்தமில்லாமல் கழற்றினேன்.

"எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டி, என் முகத்தைத் தேடிப் பிடித்துத் தடவினாள்.

"நல்லவேளை, எனக்கு வந்துச்சு. உனக்கு வந்திருந்தா நீ எப்படிடா எழுதுவ?"

எண்ணிப் பார்த்தேன், எட்டு வார்த்தை. பலூனுக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் எந்த வில்லன் இப்படிப் பேசுவான்? நீங்களே சொல்லுங்கள். இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தேன். "சாப்டியா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். எனக்கு வருத்தமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், நெஞ்சு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒன்பது மாதம், மேடம். கூடப் பிறந்தவள், எனக்கு ஒரே ஒரு வரி கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.