ஓடைக்குத் திரும்பிய மீன்கள்

“சுகு அங்கிள், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. அதுங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

ஷர்மினி கேட்டாள். டாக்டர் கிருஷ்ணகுமாரியின் மகள். பள்ளி விட்டதும் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவாள். நான் அங்கே உதவியாளன். மேசைமேல் இரண்டு தொட்டிகள். ஒன்றில், சிம்பாங் ரெங்கத்துக் கால்வாய்களில் யார் வேண்டுமானாலும் பிடிக்கும் சண்டை மீன். மற்றதில், எங்கள் தோட்டத்து ஓடையில் மட்டும் வாழும் சண்டை மீன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. துடுப்பின் ஓரத்தைச் சிறிது வெட்டி மரபணுவைப் பார்த்தால்தான் வேறு வேறு இனம் என்று தெரியும். அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர்.

“அதுங்களுக்கும் தெரியாதும்மா. ஒண்ணா விட்டா சேந்துக்கும், கலந்து குஞ்சு பொரிக்கும்,” என்றேன். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை.

டாக்டர்மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டீர்களே. ஒன்றுமில்லை, ஐயா. என் மனைவி வாசுகி குளுவாங் மருத்துவமனையில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்.

நாங்கள் தலைமுறையாய் வேலை பார்த்துக் குடியிருந்த தோட்டம் விற்றுப்போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது ஓடைக்கரை முனியாண்டி கோயில் மட்டும்தான். அந்த அரிய மீனுக்காக ஓடையைப் பாதுகாப்புப் பகுதியாக்கினால் கோயிலை எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது.

“மீனுக்கு நிலம் எழுதிக் குடுப்பானுங்க, நம்ம சாமிக்கு நோட்டீஸ் ஒட்டுவானுங்க லா,” என்றார் கோயில் தலைவர் திருச்செல்வம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடையில் விஷம் கலக்க மனம் வரவில்லை. உயிர்க்கொலை பாவம். பிள்ளை கேட்டது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போகும்போதெல்லாம் கால்வாய் மீன்களை வாளியில் கொண்டுபோய் ஓடையில் விட்டேன்.

“உயிருள்ளதத் தண்ணியில விடுறது பெரிய புண்ணியம் தம்பி,” என்றார் பூசாரி வேலு. விபூதியும் பூசிவிட்டார்.

சில மழைக்காலங்கள் போயின. மறுசோதனைக்குப் பிடித்த மீன்களில் ஒன்றுகூடத் தனி இனமாகத் தேறவில்லை. எல்லாம் கலப்பு. அப்படியொரு இனமே இருந்ததில்லை, முதல் மாதிரிகளை டாக்டர்தான் குழப்பிவிட்டார், தொட்டியில் இருப்பவற்றையும் நம்ப முடியாது என்று மேலதிகாரிகள் முடிவு செய்தார்கள். மாதிரிகளைக் குழாயில் அடைத்தவன் என்பதால், அப்போது எதுவும் மாறிப்போனதா என்று என்னையும் விசாரித்தார்கள். ஞாபகம் இல்லை என்றேன். அது ஒன்றுதான் பொய்.

கோயில் தப்பியது. டாக்டருக்கு வேலை போனது. மேசையைக் காலி செய்த அன்று ஓடை மீன் தொட்டிமுன் வெகுநேரம் நின்றார்.

“சுகுமாறன், சுத்தமான மீனுன்னு இனி இதுங்க மட்டுந்தான். எடுத்துட்டுப் போக விடமாட்டேங்கிறாங்க. வேற லேப் ஏதாச்சும் ஒத்துக்கிட்டா, இதுங்கள வச்சே நிரூபிச்சிடுவேன். அதுவரைக்கும் பாத்துக்குவீங்களா?”

“பாத்துக்கிறேன் டாக்டர்.”

ஷர்மினி கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். வேளைக்கு இரை போட்டேன், தண்ணீர் மாற்றினேன். ஆனால் அந்தக் குறுகிய கண்ணாடிக்குள் அவை முட்டிமுட்டித் திரும்புவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாளியில் எடுத்துக்கொண்டு போனேன். கோயில் கதவு திறக்கவில்லை. கரையில் யாருமில்லை. குனிந்து ஒவ்வொன்றாக ஓடையில் விட்டேன். மற்ற மீன்களோடு சேர்ந்துகொண்டன. எது எதென்று எனக்கே தெரியவில்லை.

ஓடையிலிருந்து எடுத்ததை ஓடைக்கே கொடுத்துவிட்டேன், ஐயா. யாருக்கும் கடன்பட்டிருக்கும் பழக்கம் எனக்கில்லை.