கேமில் முறை பார்த்தவர்

பள்ளிபாளையம் பேருந்தில் என் முன் இருக்கையில் ஷிப்ட் முடிந்த மில்காரர்கள் இருவர். ஒருவர் செல்போனில் விவசாய கேம் ஆடிக்கொண்டிருந்தார்.

“இதுல லவ் பண்றதுக்கு யாரெல்லாம் தேறுவாங்க மாப்ள?” என்றார் மற்றவர்.

“அஞ்சு புள்ளைக. பூ குடுத்தாப் பழகுவாங்க. கடைக்காரர் மகளை மட்டும் நான் சேத்தலை.”

“ஏன்டா, அவதான லட்சணமா இருக்கறா?”

“அவங்கப்பனும் என் ஹீரோ அப்பனும் ஒரே கோயில்ல கும்புடறாங்க. அப்பப் பங்காளிதான? இவ தங்கச்சி முறை.”

“அட, கேம்லகூட முறை பாப்பியாடா?”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

“எங்க ஊட்டுல பாத்தாங்கல்ல. மூணு வருசம் பழகுனவளை, ஒரே குலதெய்வம், தங்கச்சின்னு கூப்புடுன்னாங்க. இன்னிக்கும் அப்படித்தான் கூப்புடறேன்.”