உள்ளங்காலில் ஒரு சூரியன்

சப்பாத்துக்குள் மறைந்துபோகிற சாக்ஸில் லோகோ போடுவது கிறுக்குத்தனம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிற சாக்ஸ் அது. வெளியே ஒரு நூல் எட்டிப்பார்த்தாலும் வாங்கியவர் முகம் சுளிப்பார். ஆனால் மேடம், நீங்கள் இப்போது என் வீட்டுக்குள் எப்படி வந்தீர்கள்? வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தானே? விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர்தான், இருந்தாலும் நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

அங்கேதான் என் தொழில் இருக்கிறது. இந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் சப்பாத்து வெளியே நின்றுவிடும், சாக்ஸ் மட்டும் கூடவே உள்ளே வரும். காப்புறுதி ஏஜெண்ட் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தால் உள்ளங்கால் வெளியே திரும்பும். அங்கே கம்பெனியின் பெயர் இருந்தால் வேறு விளம்பரம் எதற்கு? கம்பெனிகளுக்கு அன்பளிப்புப் பொருள் செய்து தருகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் எத்தனையோ பேர். எல்லாரும் பேனாவும் குடையும் விற்றுக்கொண்டிருந்தபோது உள்ளங்காலைப் பிடித்தவன் நான்.

கிளாங் பக்கம் மேருவில் ஒரு சின்ன ஃபேக்டரி பின்னித் தரும். மாதிரி வந்ததும் முதலில் போட்டு நடந்து பார்ப்பது என் அக்கா பவுனம்மாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, கல்யாணம் காட்சி எதையும் பார்க்காமல் என்னை வளர்த்தவள். இனிப்பு நீர் நோயால் அவள் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. "உன் காலு நம்ம தொழிலுக்குன்னே செஞ்ச காலுக்கா" என்று கேலி செய்வேன். கடிக்கிறது, குத்துகிறது என்று ஒரு குறை சொல்ல மாட்டாள் அல்லவா? அவளும் சிரிப்பாள். குதிகாலிலிருந்து நழுவுகிறதா என்பதை மட்டும் சரியாகப் பார்த்துச் சொல்வாள். அவள் சரியென்றால்தான் ஃபேக்டரிக்குச் சரி.

கிளாங்கில் உதயம் முதியோர் இல்லத்தை நடத்துகிற எவலின் இந்தச் சாக்ஸைக் கேள்விப்பட்டுத்தான் என்னிடம் வந்தார். வயதானவர்களுக்குக் கணுக்கால் வீங்கும். சாதாரண சாக்ஸின் ரப்பர் அழுத்தித் தடம் பதித்துவிடும். இந்தச் சாக்ஸில் அந்தத் தொல்லை கிடையாது. அதோடு, படுத்திருப்பவரின் உள்ளங்கால் அறைக்கதவைப் பார்த்துத்தான் இருக்கும். பார்க்க வருகிற பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது அதுதான். உதயத்தின் லோகோவான சூரியனை அங்கே போடலாம் என்றேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் மாதிரியைப் பார்த்ததும் முகம் கோணிவிட்டது.

"இந்தப் புள்ளியெல்லாம் வேணாம் லா பாஸ். சூரியனுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு. ஃபோட்டோல நல்லா பளபளன்னு தெரியணும்."

அடியில் இருக்கிற ரப்பர் புள்ளிகள் தரையைப் பிடிப்பதற்கு. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பெரும்பாலும் படுத்தே இருப்பவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். புள்ளிகளை எடுத்துவிட்டு, உள்ளங்கால் முழுவதும் வழவழப்பான ஃபிலிமில் ஒரு பெரிய சூரியனை ஒட்டச் சொன்னேன். அழகாகத்தான் வந்தது.

அக்கா வழக்கம்போல் போட்டுக்கொண்டாள். குளியலறை வாசலில் விழுந்தாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது கால் கோணலாகத் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் சாக்ஸைக் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். மாதிரியாகக் கையில் இருந்ததோ அந்த ஒரு ஜோடிதான். வலது காலிலிருந்து சுலபமாக வந்துவிட்டது. இடது காலில் மெதுவாகத்தான் உருவ வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்குது தம்பி," என்றாள். "அந்த வயசானவங்களுக்கு இத குடுத்துடாதே."

"சரிக்கா," என்றேன்.

டாக்டரிடம் அவளாகவே முந்திக்கொண்டு சொன்னாள்: "வெறுங்கால தண்ணியில வெச்சிட்டேன் டாக்டர். என் தப்புதான்." நான் சொல்லச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றியே பழகியவள். இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் செய்தார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் தேற்றினார்கள். நான் அழுதேன் மேடம். அதில் பொய் இல்லை. எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. அப்போதே ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தியிருக்கலாம். மேருவில் மெஷின்கூட இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் நிறுத்தினால், அக்காவைக் கொன்றது அந்தச் சாக்ஸ்தான் என்று நானே சொன்னதாக ஆகிவிடும். அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு உதயத்தில் அத்தனை பேரும் விழாமல் நடந்துவிட்டால்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஆகிவிடும். அவர்கள் விழாமல் நடந்தாக வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் கொடுத்தேன். பணத்துக்காக என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தவறு.

அந்த ஜோடியைத் துவைத்துக் காயவைத்து எவலினிடம் கொண்டுபோனேன்.

"யாராச்சும் போட்டு நடந்து பாத்தாங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

"எங்கக்காவே போட்டுப் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

உதயத்தில் முதலில் விழுந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை. அடுத்தவர் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இன்னொருவருக்குக் குனிந்தாலே தலைசுற்றும். ஒவ்வொரு முறையும் எவலினைக் கூப்பிட்டு நலம் விசாரித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் கிடைத்த அன்று நன்றாகத் தூங்கினேன். பிறகு, ரயில்வேயில் இருந்த மரியநாயகம் என்ற பெரியவர் சாப்பாட்டு அறையில் பின்பக்கமாக விழுந்து மண்டை உடைந்து இறந்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. எனக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. தினமும் இல்லத்தைச் சுற்றி நடக்கிறவராம்.

அவருக்குக் காரணமாகக் கிடைத்தவள் குமுதா. அங்கே வேலை செய்கிற பெண். தரையைத் துடைத்துவிட்டு ஈரத்தோடு விட்டுவிட்டாள் என்றார்கள். வேலை போயிற்று, போலீஸும் வந்தது. உங்களிடம் வருவதற்கு முன்பு அவள் என்னிடம் வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸை எடுத்து வைத்தாள்.

"அண்ணே, நான் அன்னிக்கு மொப்பையே தொடல. இதுதான் வழுக்குது. நான் போட்டுப் பாத்தேன், சுவத்தப் புடிச்சிட்டுதான் நிக்க முடிஞ்சது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்கண்ணே."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பார்க்கலாம்மா என்று அனுப்பிவைத்தேன். அவள் படியிறங்கிப் போனதும் எவலினைக் கூப்பிட்டு, சாக்ஸில் ஒரு பழுதும் இல்லை, தரையைப் பாருங்கள் என்றேன். குமுதா இப்போது உள்ளே இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்களோ. பாவம்தான்.

அந்தச் சாக்ஸ் இன்றைக்கும் உதயத்தில் அவர்கள் காலில்தான் இருக்கிறது. செலாயாங்கில் புதுக் கிளை திறந்திருக்கிறார்கள். அங்கே போட வேண்டியதை ஏற்றிக்கொண்டு போன வாரம் லோரி போய்விட்டது. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

அக்கா சொன்னது என் காதில் தெளிவாகவே விழுந்தது. மறக்கவும் இல்லை. தெரிந்துதான் கொடுத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா விழுந்த அன்று அவள் இன்னும் குளிக்கவே போகவில்லை. குளியலறை வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவளைத் தூக்குவதற்கு முன்பு நான் தரையைக் கையால் தடவிப் பார்த்தேன்.

எதற்கும் அந்தக் குமுதாவிடம் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் மேடம். அங்கே தரை ஈரமாகத்தான் இருந்திருக்கும்.