தேஜுவிலிருந்து தூத்துக்குடிக்கு

பட்டம் வாங்க வந்திருக்கிற பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அருணாசலப் பிரதேசத்தில் தேஜு என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன விமான நிலையம். அந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தவர் சுடலைமணி. சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவார்களா? மாட்டார்கள்.

தங்கை கணவர் பொன்ராஜ் போனில் இரண்டு ஊர் பெயரையும் தட்டினார். வந்தது பதில். விமானத் தூரம் இவ்வளவு... பயண நேரம் நாலு மணி.

"மச்சான், உங்களுக்குச் சனிக்கிழமைதானே லீவு? காலைல சாப்பிட்டுக் கிளம்புனா மத்தியானம் இங்க வந்து சாப்பிடலாம். ஞாயித்துக்கிழமை காலைல முகூர்த்தம். பத்திரிகை அடிச்சாச்சு!"

அந்தக் கணக்கில் ஒரே ஒரு குறைதான். அப்படி ஒரு விமானமே கிடையாது! வரைபடத்தில் ஒரு நேர்கோடு... அதை வேகத்தால் வகுத்த ஒரு விடை. அவ்வளவுதான். சுடலைமணிக்கு இது தெரியும். பத்திரிகையே அடித்த பிறகு என்ன சொல்வார்? "வந்துடறேன் மாப்பிள்ளை" என்றார்.

சனிக்கிழமை விடிந்தது. தேஜுவில் அன்று எந்த விமானமும் இல்லை. பக்கத்து மாநிலமான அசாமில் இருக்கும் திப்ருகருக்கு ஜீப்பில் போய்த்தான் விமானம் பிடிக்க வேண்டும். ஆள் நிறைந்தால்தான் ஜீப் எடுப்பார்கள். வந்திருந்தது இவர் ஒருவர்தான். விஷயத்தைக் கேட்ட டிரைவர் பிபுல் கோகோய், "ஏறுங்க" என்று காலி வண்டியை எடுத்தார். கொல்கத்தா மாறி, சென்னை வந்தால்... தூத்துக்குடி விமானம் போய்விட்டது. பஸ்ஸில் இடமில்லை. கண்டக்டர் அந்தோணி தன் சீட்டைக் கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கப் படியோரம் உட்கார்ந்து வந்தார்.

மண்டபத்தில் நல்ல நேரம் முடியப் போகிறது. தங்கையை அவள் மாமியார் வார்த்தையால் குத்துகிறார்: "ஏட்டி, உங்கண்ணன் பிளேன்ல வாரானா, சப்பரத்துல ஆடி அசைஞ்சு வாரானா?" தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறாள்...

வந்துவிட்டார்! கசங்கிய சட்டையோடு உட்கார்ந்தார். பிள்ளை வீறிட்டது. காது குத்தியாகிவிட்டது.

அடுத்து என்ன? யார் யார் என்ன சீர் செய்தார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். "தாய்மாமன் சுடலைமணி..." என்று ஆரம்பித்தவரை இவர் நிறுத்தினார்.

"முதல்ல பிபுல் கோகோய், அந்தோணின்னு வாசிப்பா."

"யாருண்ணே அவங்க? நமக்கு என்ன முறை?"

"பேரைச் சொல்லு. முறையை அப்புறம் பார்த்துக்கலாம்."

மண்டபம் முழுக்க ஒலித்தது, அந்த மண்டபத்தைப் பார்த்தே இராத இரண்டு பேரின் பெயர்.

மேடையில் பொதுவாக நன்றி சொல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 'அனைவருக்கும் நன்றி' என்றால் அது யாருக்கு? பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் படிப்பையும் ஒரு நேர்கோடாகத்தான் எழுதுவீர்கள். சேர்ந்த வருடம், முடித்த வருடம். அந்தக் கோட்டில் ஒரு மனிதர்கூட இருக்க மாட்டார். ஆனால் நீங்கள் அப்படியா வந்தீர்கள்? வழியில் யாரோ காலி வண்டியை எடுத்தார்கள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். மைக் இதோ இருக்கிறது. முதலில் யார் வருகிறீர்கள்?