நேரா நாப்பது மீட்டர்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுகிறவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“பிராக்டிஸ்லதாண்ணா மூச்சு அதிகமா வாங்கும். மேட்ச்ல அவ்வளவு இல்ல,” என்றாள்.

“அப்புறம் எப்படி மேட்ச்ல தொடை புடிச்சுது? நீ வலிய மறைச்சுட்டு எறங்கிட்டேன்னு கோச் சொல்றாராமே?”

“மறைக்கல. மேட்சுக்கு முன்னாடி ரெண்டு வாரம் பிராக்டிஸ்ல ஆடுனேன், வலியே இல்ல. அங்க சின்ன கிரவுண்டு, பக்கத்துக்கு நாலு பேரு. நிக்காம திரும்பித் திரும்பி ஓடணும். ஆனா நேரா நாப்பது மீட்டர் ஓட எடமே கெடையாது. மேட்ச்லதான் அப்படி ஓடுனேன். அப்பத்தான் சுண்டி இழுத்துச்சு.”

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

“இப்ப போயி என்ன சொல்லுவே?”

“மொதல்ல முழு கிரவுண்டுல ஓட வெச்சுப் பாருங்க சார், அப்புறம் டீம்ல போடுங்கன்னு கேப்பேன்.”

“ஓடறப்ப மறுபடியும் புடிச்சுதுன்னா? சீசனே போயிருமே.”

“போவட்டும். பொய் சொன்னாங்கிற பேரு எனக்கு வேணாம்.”

பொம்மிடியில் நாங்கள் இறங்கும்போதே ரயில் ஸ்டேஷனுக்குள் வந்துகொண்டிருந்தது. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். “சீக்கிரம் வா!” என்று திரும்பிக் கத்தினார்.

அவள் ஓடவில்லை. வலது தொடையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி நடந்தாள்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. பெட்டி வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அவள் வந்து ஏறும்வரை நகராமல் நின்றார்.