மொட்டைப் பந்தல்

கிருபாவதி: பத்து நாள் பொறுத்துக் கொடிய வெட்டிருக்கலாம்ல... பழம் வர்ற நேரம் மழையில மாட்டப்போகுது. பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமி அண்ணன் சிரிக்கிறாக.

சுந்தரலிங்கம்: சிரிக்கட்டும். கவாத்து முடிஞ்சிருச்சுல்ல, உக்காரு. இன்னைக்கு நம்ம நாளு.

கிருபாவதி: உக்கார நெழலு எங்கன இருக்கு? திராட்சைக் கொடியப் பூராம் கழிச்சுப்புட்டு...

சுந்தரலிங்கம்: இருபத்தோரு வருசமா இந்த மொட்டப் பந்தலுக்குக் கீழதான உக்காருறோம். புதுசாக் கேக்குற.

கிருபாவதி: மொதத் தடவ ஞாபகம் இருக்கா? கல்யாணமாகி ரெண்டே மாசம். ஒங்ககூடச் சண்ட. தூக்குவாளிய வச்சுட்டுப் பேசாமத் திரும்புனேன்...

சுந்தரலிங்கம்: நாந்தான் நிறுத்துனேன். கவாத்துக்குக் கவாத்து ஒரு மணி நேரம் உக்காந்து பேசுவோம், அடுத்து என்ன செய்யணும்னு ரெண்டு பேரும் யோசிப்போம்னேன்.

கிருபாவதி: மொதப் பேச்சே மோட்டாரு. அப்பறம் வீட்டு ஓட்டப் பிரிச்சுட்டுக் காங்கிரீட்டு. இந்தா, இந்தக் கல்தூணுலதான் சுபாஸ்ரீக்குத் தொட்டில் கட்டுனோம்...

சுந்தரலிங்கம்: நம்ம பேசப் பேசத் தூங்குவா. இப்ப மதுரையில காலேஜு. அதுவும் இங்கன பேசுனதுதான். நெனச்சா மனசு நெறஞ்சு போகுது புள்ள.

கிருபாவதி: எனக்குந்தான்.

சுந்தரலிங்கம்: உனக்குன்னு ஒண்ணு சொல்லுன்னா மட்டும்...

கிருபாவதி: அடுத்த கவாத்துக்குப் பாப்போம்பேன்.

சுந்தரலிங்கம்: பி.எட். முடிச்சுப் பன்னெண்டு வருசமாச்சு. இந்தத் தடவயாவது சொல்லு.

கிருபாவதி: என்னத்தச் சொல்ல... மருந்தடிக்கக் கூட ஆளு வேணும். ஒங்களுக்கு நேரத்துக்குச் சோறு வேணும்...

சுந்தரலிங்கம்: எனக்கு ரசம் வைக்கத் தெரியும்.

கிருபாவதி: ஆமா. அதக் குடிச்சுட்டுத்தான் ஒங்க மக ரெண்டு நாள் படுத்துக்கெடந்தா.

சுந்தரலிங்கம்: பேச்ச மாத்தாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு.

கிருபாவதி: ...ஒண்ணுமில்லங்க. அடுத்த கவாத்துக்குப் பாப்போம்.

சுந்தரலிங்கம்: போன வாரம் நீ மதுரைக்குப் போயிருந்தப்ப, சோறாக்கலாம்னு அரிசி டிரம்மத் தெறந்தேன். அடியில ஒரு கவரு.

கிருபாவதி: பாத்துட்டீகளா... தேவதானப்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூலு. டீச்சர் வேல. சின்னமனூர்ல இருந்து வெள்ளனக் கெளம்பி ரெண்டு பஸ்சு மாறணும்.

சுந்தரலிங்கம்: மாறு. ஏன் ஒளிச்சு வச்ச?

கிருபாவதி: இங்கன உக்காந்தா ஒங்ககிட்ட மறைக்க வராது. ஆசையா இருக்குங்க... ரொம்ப ஆசையா இருக்கு. ஆனா தோட்டத்த விட்டுட்டுப் போறேன்னு எப்பிடிச் சொல்லுவேன்? வர்ற திங்கக்கெழமை சேரணும்னு போட்டிருந்துச்சா... கவாத்துக்கு இன்னும் நாள் கெடக்கு, அதுக்குள்ள தேதி தாண்டிரும், பேச்சே வராதுன்னு இருந்துட்டேன்.

சுந்தரலிங்கம்: அதுக்குத்தான் புள்ள, பத்து நாள் முந்தியே வெட்டுனேன்.