கூடாரத்துக்குள் ஒரு துப்பாக்கி

மலைக்குப் போனால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். வீட்டில்தான் வராது. ஐடஹோவில் எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் பாதி ஊர் இப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரத்தையும் ஐஸ் பெட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் நடீனும் கல்யாணம் ஆன புதிதிலிருந்தே போய்க்கொண்டிருந்தோம். பைன் மரத்தடியில், ஏரித் தண்ணீர் கல்லில் மோதும் சத்தத்தைக் கேட்டபடி படுத்தால் எனக்கு உடனே கண் சொருகிவிடும். ஒரே ஒரு நிபந்தனைதான். கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் என் ரிவால்வர் இருக்க வேண்டும்.

அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும். போன கோடையில் வந்த போலீஸ் அதிகாரி சீக்கிரமே முடித்துக்கொண்டு போய்விட்டார். நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவசரப்பட்டால் இந்த விஷயம் சரியாகப் புரியாது.

ஓய்வு பெறும்வரை வீடுகளுக்குப் புகை அலாரம் பொருத்துவதுதான் என் பிழைப்பு. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் போய்த் தீயணைப்புச் சாதனங்களைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவேன். இந்த வேலையில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஜனங்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. "எங்க வீட்டுல எதுக்கு வெர்ன் அதெல்லாம், ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தவர்களின் வீட்டுச் சாம்பலில் நான் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் சிரிப்பதில்லை. அறைக்கு ஒரு அலாரம் கேட்பார்கள். ஒரு முறை புகை வந்தால் போதும், மனிதன் திருந்திவிடுகிறான்.

துப்பாக்கி எதற்கு என்கிறீர்கள். மலை மேல் போன் எடுக்காது. அவசரம் என்று யாரையாவது கூப்பிட வேண்டுமானால் பள்ளத்தாக்குவரை வண்டி ஓட்டி இறங்க வேண்டும். அதுவரை உங்கள் பெண்டாட்டியை யார் காப்பாற்றுவார்கள்? கரடிக்கு மிளகாய் ஸ்ப்ரேதான் நல்லது என்று வனக் காவலர்கள் சொல்வார்கள். அதையும் வாங்கினேன். வண்டியிலேயே கிடக்கிறது. ஸ்ப்ரே கரடியை நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து எந்த மனிதனும் பயப்பட்டு நான் கண்டதில்லை.

ஒரு வருடம் இரண்டு வாலிபர்கள் எங்கள் கூடாரத்தை நோக்கி வந்தார்கள். நான் சட்டையைச் சற்றுத் தூக்கித் துப்பாக்கி உறையைக் காட்டினேன். வந்த வழியே ஓடிவிட்டார்கள். அவர்கள் வண்டி பேட்டரி இறங்கிப்போய், சார்ஜ் ஏற்ற ஒயர் கேட்கத்தான் வந்தார்கள் என்று நடீன் இன்றுவரை சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் வெறும் ஒயர் கேட்க வந்தவன் எதற்கு ஓட வேண்டும்?

லாய்ட் விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்லியிருப்பார்கள். லாய்ட் என் சின்ன வயதுச் சிநேகிதன். அவனும் அவன் மனைவி பெவர்லியும் எங்களோடுதான் வருவார்கள். ஒருமுறை அவன் இருட்டில் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் துப்பாக்கி அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. நான் விழிப்பாக இருந்தேன், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவனுக்கு முட்டி வலி. அதற்கடுத்த வருடம் பெவர்லியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். நடீனுக்குத்தான் வருத்தம். கரடிக்கும் எனக்கும் நடுவில் அவள் தனியாகிவிட்டாளாம். அப்படித்தான் சொன்னாள்.

இனி எமெட் ராஸ்க்.

போன ஆகஸ்டில் ஹெரன் ஏரியில் எங்கள் பக்கத்து இடத்தில் ஒரு பழைய வேன் நின்றது. அவருடையது. பக்கத்து மாநிலம் ஆரிகனில் மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மீன் பிடிக்க வந்திருந்தார். நான் தண்ணீர்க் குழாயில் கேன் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவரும் வந்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர். எந்த விரோதமும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் நடீன்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இரும்புச் சட்டியில் சோள ரொட்டி சுட்டிருந்தாள், நான் நெருப்பில் சாசேஜ் வாட்டினேன். ஒரு பியர் உள்ளே போனதும் அவர் கண் என் இடுப்புக்குப் போனது.

"அது எதுக்கு வெர்ன்? பீன்ஸ் டப்பாவத் தொறக்கவா?"

நடீன் களுக்கென்று சிரித்தாள்.

"கரடி இருக்கு" என்றேன்.

"இந்த ஏரிக்கு வர ஆரம்பிச்சதுலருந்து நானும் ஒரே ஒரு கரடியத்தான் பாத்திருக்கேன். என்னயப் பாத்துட்டு அது ஓடுன ஓட்டம் இருக்கே, பேன்ட் போட்டிருந்தா அவுந்து விழுந்திருக்கும்."

நடீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்திவிட்டு மறுபடியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெவர்லி வருவது நின்ற பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அத விடு" என்றார் எமெட். "இத்தன வருஷமா இடுப்புல கட்டிக்கிட்டு அலையுறியே, ஒரு நாளாவது அதுக்கு வேல வந்திச்சா?"

"வேல வரக் கூடாதுன்னுதான் வச்சிருக்கேன்."

"அப்ப பாவம்பா அது. அதுக்கும் போரடிக்கும்ல?"

"என்கிட்ட கேளுங்க எமெட்" என்றாள் நடீன். "படுக்கையில எனக்கும் அவருக்கும் நடுவுல அதுதான் படுத்திருக்கு. மாமியார் மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எமெட் எழுந்து தன் வேனுக்குக் கிளம்பும்போது, "காலையில மீன் கெடச்சா உங்களுக்கும் ரெண்டு கொண்டாந்து தர்றேன். நடீன், சட்டியக் கழுவி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடாரத்துக்குள் வந்த பிறகு நடீன் போர்வையை உதறி விரித்தாள். பிறகு சொன்னாள்.

"வெர்ன், கோவப்படாம கேளு. அடுத்த வருஷம் இந்தத் துப்பாக்கி வர்றதா இருந்தா நான் வரல."

"உன் பாதுகாப்புக்குத்தான வச்சிருக்கேன்."

"எனக்குக் கரடிகிட்ட பயம் இல்ல."

"பின்ன எதுகிட்ட பயம்?"

அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று பலமுறை யோசித்துவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை.

மலையில் எனக்குத் தூக்கம் வராத இரவு அது ஒன்றுதான். எனக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை காலம் ஒருத்தியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன், அவளுக்கு அது ஒரு கேலிப்பொருள். யாரோ ஒரு வேன்காரனோடு சேர்ந்து சிரிக்கிறாள். அவள்மேல் தப்பில்லை என்றும் தோன்றியது. அவள் புகையைப் பார்த்ததில்லை. எல்லா ஆபத்தையும் அவள் கண்ணில் படுவதற்கு முன்னால் நானே விலக்கிவிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏதாவது நடந்து, அப்போது நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். நினைப்பது குற்றமில்லையே.

விடிந்து வெளிச்சம் வந்ததும் எழுந்து வெளியே வந்தேன். ஏரிமேல் பனிமூட்டம். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இதற்குப் பிறகு நடந்ததை அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் எங்கள் கூடாரத்தை நோக்கி வேகமாக வந்தது. கையில் கத்தி. நில் என்று கத்தினேன், நிற்கவில்லை. கத்தியைக் கீழே போடு என்று கத்தினேன், போடவில்லை. இன்னும் கிட்டே வந்தபோது சுட்டேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. செத்துக் கிடந்த எமெட்டின் இடது கையில் கயிற்றில் கோத்த மீன் இருந்ததும், வலது கையில் இருந்தது மீன் அறுக்கிற கத்தி என்பதும் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. மடமடவென்று நடப்பது அவர் பழக்கம். தூரத்துக் கூடாரங்களில் இருந்தவர்கள் நான் கத்தியதைக் கேட்டதாகச் சொன்னார்கள். அதிகாரி என் தோளில் கை வைத்து, "உங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

ஊரில் யாரும் என்னைத் தப்பாகப் பார்க்கவில்லை. சொல்லப்போனால் மரியாதை கூடியது. சுடும் பயிற்சிக் கழகத்தில் விருந்து வைத்தார்கள். முகாமுக்குப் போகும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் தயங்கினேன், பிறகு பேசினேன். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், நடீன் அன்றைக்கு விழித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று. கூடாரத்தின் வலை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாளாம். நான் மடியில் ரிவால்வரை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேனாம். எமெட் ஏரிக்கரையோரமாக வெகு தூரத்திலிருந்து நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேனாம். பனிமூட்டத்திலும் அவருடைய மஞ்சள் தொப்பி அவளுக்கே தெரிந்ததாம். அவர் கூடாரத்தை நெருங்கும்வரை காத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எழுந்து கத்தினேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு இது புதுச் செய்தி. அவள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளை எழுப்புவதற்காகத்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

இல்லை, மறுக்கப்போவதில்லை. அவள் பொய் சொல்லமாட்டாள். பார்த்தது பார்த்ததுதான். தொப்பி எனக்கும் தெரிந்தது. மீனும் தெரிந்தது. நல்ல டிரவுட், வெள்ளியாக மின்னியது. அவர் என்னைப் பார்த்து மீனைத் தூக்கிக் காட்டினார்.

நீங்கள் இன்னும் ஒன்று கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று நினைத்தேன். பரவாயில்லை, நானே சொல்கிறேன். வேனை எடுத்துப்போக அவருடைய மகள் வந்திருந்தாள். வண்டிக்குள் முன்பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் அவருடைய காது மிஷின்கள். அதை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடி வந்தாள். "இது இல்லன்னா எங்கப்பாவுக்கு எதுவும் கேக்காது சார். அவர் எப்படி நிப்பாரு? அந்த ஆளு கத்துனது அவருக்குக் கேட்டே இருக்காது" என்று அழுதாள். அதிகாரி, "பாவம்மா, அது வெர்னுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

குழாயடியில் எமெட் என்னிடம் சொன்னது அதைத்தான். "மில்லு சத்தத்துல காது போச்சு வெர்ன். இந்த மிஷின் இருந்தாத்தான் பொழப்பு. காலையில மீனுக்குப் போறப்ப கழட்டி வண்டியில வச்சிருவேன், தண்ணியில விழுந்தா தொலஞ்சிச்சு. அப்ப கூப்பிட்டுத் திரும்பலன்னா கோவிச்சுக்காத" என்றார். நான் கோவித்துக்கொள்ளவில்லை.

ஆக, அவர் யார் என்று தெரியும். எதற்கு வருகிறார் என்று தெரியும். நான் கத்துவது அவருக்குக் கேட்காது என்றும் தெரியும். கேட்க வேண்டியவள் கூடாரத்துக்குள் இருந்தாள். இதை எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எமெட்டுக்காக வருத்தப்படுகிறேன், உண்மையாகவே. ஆனால் அலாரம் ஒருமுறையாவது அடித்தால்தான் அது வேலை செய்கிறது என்று வீட்டிலிருப்பவர்கள் நம்புவார்கள். இதை எப்படி வேறு விதமாகச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நடீன் இப்போது பாய்ஸி நகரத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். பனிக்காலம் முழுக்க அங்கேதான். போன் செய்தால் தங்கைதான் எடுக்கிறாள். அவள்தான் ஒருநாள் வாய் தவறிச் சொன்னாள். நடீன் தன் படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கமாகப் பெரிய தாழ்ப்பாள் ஒன்று போட்டிருக்கிறாளாம். ஜன்னலுக்குக் கம்பி வைத்திருக்கிறாளாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று யார் என்று பார்த்த பிறகுதான் மறுபடியும் உட்காருவாளாம். நான் பக்கத்தில் இல்லாதபோதும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.